அக்கரை இல்லாத படகுகள்

படகுகள் கரையில் கிடக்கின்றன. அந்த ஓவியத்தில் நடப்பது அவ்வளவுதான். புயல் இல்லை, கவிழும் கப்பல் இல்லை, கண்ணைப் பிடித்து இழுக்கும் மனிதமுகம் இல்லை. கூழாங்கல் கரை, அதன்மேல் ஏற்றி வைத்த மீன்பிடிப் படகுகள், அப்பால் கடல். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள எத்ரதா என்ற சிற்றூரில் 1885ஆம் ஆண்டு க்ளோத் மோனே வரைந்தது. ‘எத்ரதா கரையில் படகுகள்’ என்று பெயர். இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது.

உயரத்திலிருந்து குனிந்து பார்த்த காட்சி அது. காரணம் எளியது. அந்த இலையுதிர்காலத்தில் மழை அவரை அடிக்கடி அறைக்குள் அடைத்துப் போட்டது. திறந்த வெளியில் நின்று வரைவதையே நெறியாகக் கொண்ட மனிதர், விடுதிச் சன்னலுக்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. சன்னல் எதைக் காட்டியதோ அதை வரைந்தார். எத்ரதா என்றால் உலகம் நினைப்பது கடலுக்குள் வளைவாக இறங்கும் அந்த வெண்பாறைகளை. அவை இந்தச் சன்னலின் கட்டத்துக்குள் வரவில்லை. வந்தவை படகுகள். கிடைத்த கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும் இந்தச் சம்மதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தியானத்துக்கு நல்ல இடம் தேடியே ஆயுளைக் கழிப்பவர்கள் நம்மில் உண்டு. மலையடிவாரம் வேண்டும், ஆற்றங்கரை வேண்டும், அதிகாலை வேண்டும். மழை பெய்கிற நாளில் ஒரு சன்னல்தான் கிடைக்கிறது.

அந்தப் படகுகள் அங்கே எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் ஓவியம் வேறு மாதிரி ஆகிவிடும்.

எத்ரதாவில் துறைமுகம் கிடையாது. படகைக் கட்டிவைக்க ஒதுக்குப்புறமான நீர் இல்லை. மணலும் இல்லை, செங்குத்தாகச் சரியும் கூழாங்கல் மேடுதான். நம் சோழமண்டலக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். அங்கே பெரிய ஓத நாட்களில் ஏழெட்டு மீட்டர் வரை போகும். ஆகவே கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் படகை நீரிலிருந்து முழுக்க வெளியே எடுத்து, மேட்டின் தலைக்கு ஏற்றியாக வேண்டும். அதற்காகக் கரையில் பெரிய மர உருளைகளை நிமிர்த்தி நட்டிருந்தார்கள். உருளையின் தலையில் குறுக்கும் நெடுக்குமாக நீண்ட கழிகள். படகில் கட்டிய வடத்தின் மறுமுனை உருளையில் இருக்கும். கழிகளை நெஞ்சோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வட்டமாக நடப்பார்கள். வடம் சுற்றச் சுற்றப் படகு ஒவ்வொரு அடியாக மேலேறும். அப்படி நடந்தவர்களில் பெண்கள் நிறைய. கணவனோ மகனோ கடலிலிருந்து வந்து இறங்கியதும், அவர்களைத் தாங்கி வந்த மரத்தையும் கரைக்குக் கொண்டுவருவது அந்தப் பெண்களின் வேலை.

மோனேவின் படகுகள் அவ்வளவு சாந்தமாகச் சாய்ந்து கிடப்பதற்குப் பின்னால் அந்தச் சுற்றல் இருக்கிறது. இளைப்பாறுதல் தானாக நிகழ்வதில்லை. யாரோ இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் ஓதம் பார்த்துத் திரும்பவும் இறக்குவார்கள்.

படகு என்றதும் நம் பக்தி மரபுக்கு நினைவு வருவது கடந்துபோவதுதான். பிறவி ஒரு கடல், இறைவன் அல்லது குரு தோணி, அக்கரை வீடுபேறு. தலைமுறை தலைமுறையாக இந்த உருவகத்தில்தான் நாம் பேசியிருக்கிறோம், பாடியிருக்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் எத்ரதாவின் படகுகளுக்கு அக்கரை என்று ஒன்று கிடையாது. (வரைபடத்தை விரித்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்து இருக்கத்தான் செய்கிறது. மீனவர்களுக்கு அதில் அக்கறை இல்லை.) அவர்கள் போனது மீனுக்காக. நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் இலையுதிர்காலத்தில் கூட்டங்கூட்டமாக வரும். போவார்கள், வலையை விடுவார்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்புவார்கள். எவ்வளவு தொலைவு போனாலும் இறங்குவது புறப்பட்ட அதே கூழாங்கல்லில்தான்.

ஆன்மிக வாழ்வைப் பற்றி நாம் வைத்திருக்கும் படம் ஏன் எப்போதும் கடந்துபோவதாகவே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெரும்பாலோரின் சாதனை இந்த மீனவப் படகைப் போன்றதுதான். காலையில் உள்ளே போகிறோம். சில நாள் ஏதோ அகப்படுகிறது, சில நாள் வெறும் வலை. பிறகு அதே சமையலறைக்கு, அதே அலுவலகத்துக்கு, அதே மனிதர்களுக்குத் திரும்பி வருகிறோம். அக்கரை சேரவில்லையே என்று வருந்துகிறோம். சேராததால் அந்தப் பயணங்கள் பொய்யாகிவிடுமா? எத்ரதாவில் எந்தப் பெண்ணும் கழியைத் தள்ளும்போது, இந்தப் படகு இன்னும் அக்கரை போகவில்லையே என்று குறைப்பட்டிருக்க மாட்டாள்.

இந்த ஓவியத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பவை முன்புறத்தில் இருக்கும் அந்தப் பழம்படகுகள். கலோஜ் என்று அந்த ஊரில் சொல்வார்கள். கடலுக்குப் போகும் தெம்பு போன படகை அங்கே உடைத்து விறகாக்கிவிடவில்லை. கரையின் மேட்டில் ஏற்றி நிலையாக அமர்த்தி, மேலே கூரை போட்டு, பலகைகளுக்குத் தார் பூசி, பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டிவிடுவார்கள். அதற்குப்பின் அது வலையும் வடமும் கூடைகளும் வைக்கும் கொட்டில். கீழ்ப்பாதி படகு, மேல்பாதி வீடு.

மோனே இவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1883இல் வரைந்த ‘எத்ரதாவில் கொந்தளிக்கும் கடல்’ லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் இடது ஓரத்தில் கலோஜ்கள் குந்தியிருக்கும். பக்கத்தில் இரண்டு மனிதர்கள் கடலைப் பார்த்தபடி நிற்பார்கள். நடுவில் நுரைத்துச் சுருளும் அலை, அதற்கு அப்பால் வளைவுப் பாறை. இன்று கடலுக்குப் போக முடியாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போக முடியாத மனிதர், இனிப் போகவே போகாத படகு, இரண்டும் ஓரத்தில்; படத்தின் நடுவிடம் முழுக்க அலைக்கு.

கலோஜைப் பார்க்கும்போது முதுமையைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். படகு சந்தோஷமாகக் கொட்டில் ஆயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. முதுமையில் உடம்பு சுருங்குவது சுகமான விஷயமும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தப் பழம்படகு கடலுக்கு முதுகு காட்டிப் போய்விடவில்லை. ஓதத்தின் ஓசை கேட்கும் தூரத்திலேயே இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் வலைகள்தான் நாளைக்கு வேறு படகில் ஏறிக் கடலுக்குப் போகும்.

இனி அந்தப் பாறைகள். சன்னலுக்குள் வராவிட்டாலும் கரை முழுவதும் அவற்றின் உடம்புதான்.

எத்ரதாவின் செங்குத்துகள் சுண்ணக்கல். எழுபது, எண்பது மீட்டர் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். இடையிடையே கோடு கிழித்தாற்போலக் கருநிற வரிகள் ஓடும். அவை சக்கிமுக்கிக் கல். ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடம் வெதுவெதுப்பான கடலின் அடித்தளம். மேலே மிதந்து வாழ்ந்த நுண்ணிய பாசிகள் தங்கள் மேல் சுண்ணத் தகடுகளைப் போர்த்தியிருந்தன. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. செத்தபோது அந்தத் தகடுகள் மெல்ல மெல்ல அடியில் இறங்கிப் படிந்தன. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் சேர்ந்த படிவு அது. கடற்பஞ்சு போன்ற உயிர்கள் விட்டுப்போன சிலிக்கா கரைந்து, மறுபடி இறுகி, அந்தக் கருவரிகளாயிற்று. அசையாத பாறை என்று நாம் அண்ணாந்து பார்ப்பது, எண்ணில் அடங்காத உயிர்கள் பொழிந்து பொழிந்து கட்டிய மேடு.

அதையும் கடல் அறுக்கிறது. அடியைக் குடைந்து வாசல் போல வளைவுகளை உண்டாக்குகிறது. வளைவு இடிந்த இடத்தில் ஒற்றைக் கூர்ப்பாறை தனித்து நிற்கிறது. சுண்ணம் பாலாகக் கரைந்து போய்விட, சக்கிமுக்கி மட்டும் விழுந்து, அலையில் உருண்டு, முனை மழுங்கிக் கூழாங்கல்லாகிறது. படகுகள் படுத்திருப்பது அந்தக் கற்களின்மேல். அவற்றை எடுத்துப்போக இன்று அனுமதி இல்லை. ஆளுக்கொன்று எடுத்தால் கரையைக் காக்கும் மேடு கரைந்துவிடும் என்பதால் தடை. நினைவுக்கு ஒன்று என்று பையில் போட்டுக்கொள்ளத் துடிக்கும் கையை, கல் அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு நகராட்சி அறிவிப்பு தடுக்கிறது. பற்றறுத்தலைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். அதை நகராட்சியும் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கற்களுக்கு அடியில் இன்னொன்றும் உண்டு. பாறைமேட்டில் பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடியில் ஓடி, கரையிலேயே நன்னீராக ஊறும். ஓதம் வற்றும்போது எத்ரதாப் பெண்கள் கூழாங்கல்லைக் கையால் அள்ளி ஒதுக்கிக் குழி பறித்து, அந்த நீரில் துணி துவைத்தார்கள். ஓதம் ஏறினால் அதன்மேல் உப்புநீர் வந்து மூடிக்கொள்ளும். ஊற்று அப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். துவைக்க வந்தவள் மட்டும் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஆக அந்தக் கரையில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. கோடி ஆண்டுகளை எண்ணும் பாறை ஒன்று. ஆறு மணி நேரத்துக்கொரு தரம் திரும்பும் ஓதம் ஒன்று. மூன்றாவது வெளிச்சம். அதற்குச் சில நிமிடங்கள்தான். மோனே நின்றது இந்த மூன்றாவதற்கு முன்னால்.

அவர் அங்கே வேலை செய்த விதத்தை எழுத்தாளர் மாப்பசான் நேரில் பார்த்திருக்கிறார். எத்ரதாவில் மாப்பசானுக்கு வீடு இருந்தது. ஓவியருக்குப் பின்னால் பிள்ளைகள் கித்தான்களைச் சுமந்துகொண்டு போவார்களாம். ஒரே காட்சிக்கு ஐந்தாறு கித்தான்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்து வெளிச்சத்துக்கு. மேகம் நகர்ந்து ஒளி மாறினால், கையில் இருப்பதைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பழைய ஒளி திரும்பினால் பழைய கித்தானுக்கு வருவார். மாப்பசான் அதை 1886இல் எழுதினார். வேட்டைக்காரன் பதுங்கியிருப்பதைப் போல ஓவியர் வெயிலுக்கும் நிழலுக்கும் காத்திருந்தார் என்பது அவர் கண்ட காட்சி.

வேட்டை என்பது மாப்பசானின் பார்வை. எனக்கு அதில் தெரிவது கீழ்ப்படிதல். நன்றாக வந்துகொண்டிருக்கும் ஒன்றை, இன்னும் பத்து நிமிடம் கிடைத்தால் முடித்துவிடலாம் என்ற நிலையில், நேரம் போய்விட்டது என்று கீழே வைப்பது சாதாரணக் காரியமா? மனம் என்ன செய்யும்? போன ஒளியை ஞாபகத்திலிருந்து எடுத்து ஒட்டப் பார்க்கும். முந்தைய நொடி நன்றாக இருந்தது, அதையே பிடித்துக்கொள்வோம் என்னும். தியானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நேற்று கிடைத்த அமைதியை இன்று மறுபடி செய்து பார்க்கத் தொடங்கியதும், இன்றைக்கு வந்திருப்பது கண்ணில் படாமல் போய்விடும். மோனே அதை நொந்துகொள்ளாமல் செய்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் கடிதங்கள் புலம்பலால் நிறைந்தவை. மழை, காற்று, போன வெயில், வராத வெயில், உருப்படாத ஓவியம் என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்திருக்கிறார். பிடிக்காத ஓவியங்களை அழித்தும் இருக்கிறார். பல ஓவியங்களைப் பின்னால் வீட்டுக்குக் கொண்டுபோய், நாள்கணக்கில் உட்கார்ந்து முடித்ததும் உண்டு. சாந்தம் அவர் படத்தில் இருக்கிறது, அவரிடம் இல்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. மனம் கலங்கியிருக்கும்போதும் கண் தெளிவாக இருக்க முடியும்.

ஜிவெர்னியில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சில கோடைகாலங்களைக் கழித்த அமெரிக்க ஓவியர் லில்லா காபட் பெரி, மோனே சொன்ன ஓர் அறிவுரையைப் பதிவு செய்திருக்கிறார். வரையப் போகும்போது எதிரில் இருப்பது மரமா வீடா வயலா என்பதை மறந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். இங்கே கொஞ்சம் நீலம், இங்கே கொஞ்சம் இளஞ்சிவப்பு என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வைத்துக்கொண்டு போக வேண்டும். பிறவிக் குருடனாக இருந்து திடீரென்று பார்வை வந்தவனைப் போல வரைய முடிந்தால் நன்றாயிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கரையை மறுபடி பாருங்கள். படகின் விலாவில் ஓடும் நிறப்பட்டைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து அது பலகை. நெருங்கினால் தூரிகை ஒரே மூச்சில் இழுத்த கோடு. இன்னும் நெருங்கினால் கனத்த வண்ணக்குழம்பு, தூரிகை மயிர் கீறிய தடம். அங்கே படகு என்று எதுவும் இல்லை. இரண்டடி பின்வாங்கினால் படகு வந்துவிடுகிறது. நாமரூபம் கழன்று விழுவதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதும் இரண்டடி தூரத்துக்குள் நடந்துவிடுகிறது. வேதாந்த வகுப்பில் பல வாரம் கேட்டும் பிடிபடாத ஒன்று, சுவருக்கு முன்னால் முன்னும் பின்னும் நடந்தாலே காலுக்குப் புரிகிறது. காவலாளி ஒருவேளை முறைப்பார்.

அந்தக் குழம்புக்குள் கடலே அகப்பட்டுக்கொண்டதும் உண்டு. 1870இல் துரூவில் என்ற ஊரின் கரையில் மோனே வரைந்த சிறு ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் வண்ணத்தில் மணல் துகள்கள் ஒட்டிக் காய்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்று வீசிய மணல் ஈரவண்ணத்தில் விழுந்திருக்கிறது. அவர் துடைக்கவில்லை, அல்லது கவனிக்கவில்லை. வரையப்பட்ட கரைக்குள் வரையப்படாத கரை கொஞ்சம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பார்வையே தவம், கவனமே வழிபாடு என்று எழுதுவது இப்போது சுலபமாகிவிட்டது. அதன் மறுபக்கத்தை மோனே அறிந்திருந்தார். அவருடைய முதல் மனைவி கமீல் 1879 செப்டம்பரில் இறந்தார். வயது 32. இறந்து கிடந்த அந்த முகத்தை மோனே வரைந்தார். அந்த ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து நண்பர் கிளெமான்சோவிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அன்போடு நேசித்த முகத்தின் முன் நின்றுகொண்டு, தன்னையறியாமல் அதன்மேல் மரணம் வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்த நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் கண் கணக்கெடுத்ததை உணர்ந்தபோது தமக்கே திகைப்பாக இருந்ததாம். செக்கைச் சுற்றும் மாட்டைப் போலத் தாம் ஆகிவிட்டதாகச் சொல்லி, தமக்காக இரங்கும்படி கேட்டாராம்.

பெயரை உதிர்த்துவிட்டுப் பார்க்கும் கண், மனைவியின் முகத்தையும் பெயரில்லாமல் பார்த்துவிட்டது. கவனம் கருணைக்கு இட்டுச்செல்லும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். சில வேளை இட்டுச்செல்லும். சில வேளை அது வெறும் பழக்கமாக, நிறுத்தத் தெரியாத சுழலாக மட்டும் இருக்கும். ஜபம் செய்பவர்களும் இந்த இடத்தை அறிவார்கள். நாக்கு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, அருகில் ஒருவர் அழுவது காதில் விழாது. எத்ரதாப் பெண்களும்தான் வட்டமாகச் சுற்றினார்கள். அவர்கள் சுற்றின் மறுமுனையில் ஒரு வடம் இருந்தது. வடத்தின் நுனியில் ஒருவர் வீட்டுப் படகு இருந்தது. என் சுற்று எதையாவது கரைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதைத் தவிர, இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

1885 நவம்பரில் கடல் தானே முன்வந்து அந்தப் பார்வையைக் கலைத்தது. எத்ரதாவின் வளைவுகளில் பெரியதான மான்போர்த்தின் அடியில், பாறையை ஒட்டி மோனே வரைந்துகொண்டிருந்தார். ஓதம் வற்றுகிறது என்று நினைத்திருந்தார், அது ஏறிக்கொண்டிருந்தது. வேலையில் மூழ்கியிருந்த மனிதரைப் பெரிய அலை ஒன்று தூக்கிப் பாறையில் அறைந்து, திரும்பும்போது இழுத்துக்கொண்டும் போனது. எப்படியோ தவழ்ந்து வெளியே வந்தார். அந்த நிலையைப் பின்னாளில் தமக்கு இரண்டாம் மனைவியாகவிருந்த அலிஸ் ஓஷ்தேக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். உடுப்பு தொப்பலாக நனைந்து, வண்ணத்தட்டு முகத்தில் அடித்து, தாடி முழுக்க நீலமும் மஞ்சளும். ஓவியத் தாங்கியும் மற்ற சாமான்களும் கடலோடு போயின. உயிருக்கு வந்த ஆபத்தைவிட, அன்றைக்கு வரைய முடியாமல் போனதே அவரை அதிகம் உறுத்தியதாகக் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றும்.

வெளியே நின்று பார்ப்பவன், பார்க்கப்படும் காட்சி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். அலை வந்து சாட்சியையே காட்சிக்குள் இழுத்துப்போட்டுவிட்டது. அந்த ஊர் மீனவர்களுக்கு இது அன்றாடம். அவர்கள் கடலுக்கு வெளியே நின்று கடலை ரசிக்கும் வசதி படைத்தவர்கள் அல்லர். ஊருக்கு மேலே, பாறையின் உச்சியில், கடலோடிகளுக்காகக் கட்டிய மாதா கோயில் ஒன்று அப்போதே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். போருக்குப் பின் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். கடலுக்குப் போகிறவன் திரும்பிப் பார்த்தால் கடைசியாகத் தெரிவது அந்த உச்சி. வருகிறவனுக்கு முதலில் தெரிவதும் அதுதான்.

சிகாகோ அருங்காட்சியகத்திலேயே ‘எத்ரதா கரையில் படகுகள்’ ஓவியத்துக்குத் துணை போல இன்னொன்று இருக்கிறது. ‘படகுகள் புறப்படுதல், எத்ரதா’. அதுவும் 1885. கரையில் மனிதர்கள் புள்ளி புள்ளியாக நிற்க, பாய் விரித்த படகுகள் கடலில் சிதறிப் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கிடப்பதும் போவதுமாக ஊரின் ஒரு மூச்சு தெரியும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த டிசம்பரில் மோனே எத்ரதாவை விட்டுக் கிளம்பினார். சிறுவயதிலிருந்து பழகிய கடல் அது. அவர் வளர்ந்த லெ ஆவ்ர் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பழக்கத்தில் பெயர்கள் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். பார்க்காமலே இது படகு, இது பாறை, இது அலை என்று கை எழுதிவிடும். மறு ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் உள்ள பெல்-ஈல் தீவுக்குப் போனார். அங்கே சுண்ணக்கல் இல்லை, கரும்பாறை. கரையேற்றிய வண்ணப் படகுகளின் வரிசை இல்லை. தமக்குக் கைவந்ததையெல்லாம் அந்தக் கடல் செல்லாக்காசாக்கியது பிடித்துப்போயிற்று என்ற பொருளில் கடிதம் எழுதினார். காற்றில் பறக்காமலிருக்கத் தாங்கியைக் கயிற்றாலும் கல்லாலும் கட்டிப்போட்டார். சுமை தூக்க ஊர் மீனவர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். அவர் முகத்தையும் வரைந்தார். பதினைந்து நாள் தங்குவதாகச் சொல்லிப் போனவர் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டார்.